காணாக் கோளும் கருதலளவையும்



கண்ணுக்குப் புலப்படாதது இல்லை என்பது உலகாயதர் கொள்கை. காட்சியொன்றே அளவை என்று நிற்கும் அவரைச் சிவஞானசித்தியார் பரபக்கம் முதற்கண் நிறுத்தி மறுக்கின்றது. நம் பாடசாலைப் பிள்ளைகளுள் உலகாயத நூல் கற்றவர் ஒருவரும் இலர். ஆயினும் அக்கொள்கை உபாத்தியாயர் இன்றியே அவருள்ளத்தில் வந்து குடியேறிவிடுகின்றது. “காட்டினால் நம்புவேன்” என்பது இக்காலத்துப் பிள்ளையின் வாயில் எளிதாய் வருஞ் சொல். அதனைக் கேட்டுச் சினந்து வாயடக்குவோர் சிலர். “சமயம் வேறு, விஞ்ஞானம் வேறு” என்று சொல்லி, ஒரு பிள்ளையின் அறிவை இரண்டாகப் பிளந்து, தாம் தப்பிக்கொள்வோர் பலர். அப்பிள்ளைக்குச் சொல்லத்தக்க விடையொன்று வானத்திலே இருக்கின்றது. இலங்கையார் இட்ட பெயரைப் பூண்டே இருக்கின்றது. அதனை இங்கே எடுத்துரைக்கப் புகுகின்றேம்.

புரட்டாசி மாதத்திலே, இரவு பத்து மணியளவில், கோணமாமலைமீது நின்று தெற்கு நோக்குவோமாயின், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூர்ப் பக்கத்து வானிலே, அடிவானுக்கும் உச்சிக்கும் இடையில் தனித்தொளிரும் வெண்மீன் ஒன்று தோன்றும். அராபியர் அதற்கு மீனின் வாய் எனப் பொருள்படும் பெயரை இட்டனர். அதுவே மேனாட்டார் நாவிற் போமல்ஹோட் என வழங்குகின்றது. அது தென்மீன் என்னும் நட்சத்திரக் கூட்டத்தின் தலைமீன். கையை நீட்டி அதனின்று மேற்கே ஏறக்குறைய ஒரு சாண் அளந்தால், அங்கே நம் கண்ணுக்கு ஒன்றுந் தோன்றாது. அந்த வெறுமையிலேதான் எச்.டி. 205739 என்று வானநூலார் இலக்கமிட்ட நட்சத்திரம் இருக்கின்றது. அது நம் சூரியனினும் சிறிது பெரிது. சிறிது வெப்பமும் மிக்கது. ஏறக்குறைய 300 ஒளியாண்டுத் தொலைவில் இருத்தலால் வெறுங்கண்ணுக்குப் புலனாகாது. நல்ல இருவிழித் தொலைகாட்டிக்கு மட்டுமே அகப்படும். ஓர் ஒளியாண்டென்பது ஏறக்குறைய ஒன்பதரை இலட்சங் கோடி கிலோமீற்றர். இன்றிரவு அத்தொலைகாட்டியில் விழும் ஒளி அந்நட்சத்திரத்தை விட்டுப் புறப்பட்டபோது, நம் துறைமுகக் கோட்டையிலே ஒல்லாந்தர் காவலிருந்தனர்.

சர்வதேச வானியல் ஒன்றியம் 1919இல் தோன்றியது. அதன் நூற்றாண்டு நிறைவாகிய 2019ஆம் ஆண்டில், உலகத்து நாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதனைச் சுற்றும் ஒரு கோளையும் பெயரிடுமாறு அளித்தனர். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் பெயரிட்டன. இந்தியா தன் பங்குக்கு வந்த நட்சத்திரத்தைப் பௌதிக விஞ்ஞானியாகிய பிபா சௌதுரி அம்மையார் பெயரால் ‘பிபா’ என்றும், அதன் கோளைச் ‘சந்தமச’ என்றும் அழைத்தது. இலங்கைக்குக் கிடைத்தது நாம் மேலே குறித்த தென்மீன் நட்சத்திரம். அதற்குச் ‘சாமய’ என்றும், அதன் கோளுக்குச் ‘சமகிய’ என்றும் பெயர் வைத்தனர். சிங்கள மொழியிலே முன்னது சமாதானம், பின்னது ஒற்றுமை. பெயரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவேம். இப்பொழுது கேட்கத்தக்கது, அந்தச் சமகியவைக் கண்டவர் யார் என்பது.

ஒருவருங் கண்டிலர். 2008ஆம் ஆண்டில் மெர்செடெஸ் லோப்பெஸ்-மொறாலெஸ் என்னும் அம்மையாரும் அவர் கூட்டத்தாரும் அதனை அறிவித்தபோதும் கண்டிலர். இன்றுவரையும் எவரும் அதன் உருவைக் கண்டிலர். அவர்கள் தென்னமெரிக்காவிலே, சிலி நாட்டு மலையுச்சியில் உள்ள, ஆறரை மீற்றர் விட்டமுடைய மகலன் தொலைகாட்டியால் நட்சத்திரத்தை மாத்திரமே நோக்கினார்கள். அதன் ஒளியை நிறநிறமாகப் பிரித்து, அந்நிறமாலையிற் காணுங் கருங்கோடுகள் ஒருகாற் சிவப்பை நோக்கியும் ஒருகால் நீலத்தை நோக்கியும் மிக நுண்ணிதாக விலகுதலை அளந்தார்கள். அவ்விலகலால் நட்சத்திரம் நம்மை விட்டு அகல்வதும் நம்மை அணுகுவதுமாய் அசைகின்றது எனத் தெரிந்தது. அவ்வசைவின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 40 மீற்றர், பெருந்தெருவிலே கடுகியோடும் மோட்டார் வண்டியின் வேகமன்றி மிகுதியில்லை. ஏறக்குறைய 280 நாளுக்கு ஒருமுறை அவ்வசைவு முறைபிறழாது திரும்ப வருகின்றது. ஆகவே கண்ணுக்குத் தோன்றாத துணையொன்று அந்நட்சத்திரத்தைச் சுற்றி வருகின்றது. அதன் நிறை நம் வியாழனினும் சிறிது கூட. அதன் ஓராண்டு 280 நாள் (ஒரு பிள்ளை தாய்வயிற்றிற் கிடக்குங் காலம்) என்று துணிந்தார்கள்.

வகுப்பிலே இதனை விளக்குதற்கு நம் கடலே போதும். கறுத்த இரவிலே இரண்டு வள்ளங்கள் ஒரு கயிற்றாற் பிணிக்கப்பட்டு ஒன்றையொன்று சுற்றி வருகின்றன எனக் கொள்க. ஒன்றிலே விளக்குண்டு, மற்றொன்றிலே இல்லை. கரையில் நிற்பவன் காண்பது விளக்கு ஒன்றே. அவ்விளக்கு ஓரிடத்தில் நில்லாமல் சிறு வட்டமாய்ச் சுழலக் கண்டு, இருட்டிலே இன்னொரு வள்ளம் உண்டென்று அறிவான். விளக்கு எத்தனை விரைவாய், எத்தனை அகலமாய்ச் சுழல்கின்றதென்று பார்த்து, காணாத வள்ளத்தின் பாரத்தையுஞ் சொல்லிவிடலாம். நம் பூமியும் சூரியனை இவ்வாறே அசைக்கின்றது. அவ்வசைவு செக்கனுக்கு ஒன்பது சதமமீற்றர், ஐந்து விரற்கடையளவு!

இம்முறையாலேதான், சூரியனை யொத்த நட்சத்திரமொன்றைச் சுற்றும் முதற் புறக்கோளை மிசெல் மேயர், திதியே கேலோஸ் என்னும் இருவர் 1995இல் கண்டறிந்து, 2019இல் நோபெற் பரிசிற் பாதியைப் பெற்றனர். அதன்பின் புறக்கோள்களின் தொகை பெருகி, 2025ஆம் ஆண்டில் ஆறாயிரத்தைக் கடந்தது. அவற்றுள் நேரே படம்பிடிக்கப்பட்டவை மிகச் சில. ஏனையவெல்லாம் ஏதேனும் ஒருவகையாற் கருதி உணரப்பட்டவையே.

இனி, அதே தென்மீன் கூட்டத்தில் நிகழ்ந்த மற்றொரு செய்தியையும் ஆசிரியர் அறிதல் வேண்டும். 2008ஆம் ஆண்டின் இறுதியிலே, போமல்ஹோட்டைச் சூழ்ந்த தூசி வளையத்துள் ஒரு கோள் கண்கூடாகப் படத்தில் விழுந்தது என்று போல் கலாஸ் என்பவரும் அவர் கூட்டத்தாரும் அறிவித்தனர். ஹபிள் விண்தொலைகாட்டி 2004இலும் 2006இலும் எடுத்த படங்களில் அவ்வொளிப்புள்ளி இடம்பெயர்ந்திருந்தது. இதனிலும் மேலான காட்சி வேறென்ன வேண்டும்? 2015இல் உலக மக்கள் வாக்களித்து அதற்குத் தாகோன் என்று பெயரும் வைத்தனர். பின் எடுத்த படங்களிலோ அப்புள்ளி விரிந்து மங்கி, ஈற்றில் மறைந்துபோயிற்று. பனிக்கட்டிப் பொருள்கள் இரண்டு மோதிச் சிதறிய தூசிமேகமே கோள்போலத் தோன்றியது என்று 2020இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தார் இருவர் காட்டினார்கள். அடியேன்போல் மிஷன் பாடசாலையிற் பயின்று சாமுவேலின் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படித்தவர்கள் தாகோன் என்னும் பெயரை மறந்திரார். தன் கோயிலிலேயே முகங்குப்புற விழுந்து கிடந்த தெய்வம் அது. வானத்திலும் அதற்கு அதுவே கதியாயிற்று.

ஒரே நட்சத்திரக் கூட்டம், ஒரே ஆண்டு. கண்ணாற் கண்டது பொய்யாயிற்று. கருதி உணர்ந்தது நிலைநின்றது. காட்சியிலும் ஐயக்காட்சி உண்டு, திரிபுக்காட்சி உண்டு என்று நம் அளவைநூல் பிரித்துரைப்பது வீண்பாகுபாடன்று என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வகுப்பறைக்கு அகப்படாது. கயிறு அரவாகத் தோன்றும் பழைய உதாரணத்தோடு தூசி கோளாகத் தோன்றிய இப்புதிய உதாரணத்தையுஞ் சேர்த்துச் சொல்லுக. புகைகண்டு நெருப்பை உணர்தலும், மணங்கொண்டு மலரை உணர்தலும் போல, அசைவுகண்டு கோளை உணர்தலும் அனுமானமே; காரியத்தைக் கொண்டு காரணத்தைத் துணிதலின், காரிய ஏதுவின்பாற் படும். சமகியவை அறிவித்தவர்கள் அசைவு கண்டவுடன் கோள் என்று கூவிவிடவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லல் வேண்டும். நட்சத்திரத்தின் மேலுள்ள கரும்பொட்டுக்களும், அதன் உடல் தானே விம்மித் தணிதலும், கோளின் அசைவுபோல மயக்கத் தரும். அவற்றைச் சோதித்து நீக்கிய பின்னரே துணிந்தார்கள். நம்மவர் ஏதுப்போலி என்று சொல்லி விலக்குவதை அவர்கள் கருவிகொண்டு விலக்குகின்றார்கள்.

இவ்வளவும் சொன்ன பின், சைவ உபாத்தியாயர் கால் வழுக்கும் இடங்கள் இரண்டுள.

முதலாவது, பெருமை பேசல். “புறக்கோள்களை நம் முன்னோர் அன்றே கண்டார், ஆகமத்திலே 224 புவனம் சொல்லியிருக்கின்றது” என்று மேடையில் முழங்குவோரைக் கேட்டிருப்பீர்கள். அந்த 224 புவனங்கள் ஆறு அத்துவாக்களுள் ஒன்றாகிய புவனாத்துவாவைச் சேர்ந்தவை, முப்பத்தாறு தத்துவங்களில் அடங்குபவை, ஆன்மா கன்மத்துக்கீடாய்ச் செல்லும் நெறியில் வைத்து எண்ணப்பட்டவை, தீக்கையிலே சோதிக்கப்படுபவை. தொலைகாட்டியின் எண்ணிக்கையோடு பொருத்துவதற்காக அவை சொல்லப்பட்டனவல்ல. ஆறாயிரத்தைக் கடந்த தொகைக்கு 224ஐ எவ்வாறு ஈடுசெய்வது? இன்று ஒருவாறு பொருத்தினால், நாளை தொகை மாறும்போது ஆகமத்தையும் மாற்றுவதா? திருவாசகத்தின் திருவண்டப்பகுதி, அண்டங்களின் பெருக்கத்தைச் சொல்லி, அவையனைத்தும் இறைவன் திருமுன்னர் வீட்டினுள் விழும் வெயிற்கீற்றில் மிதக்குந் துகள்போற் சிறியவாம் என்கின்றது. அங்கே சொல்லப்படுவது இறைவன் பெருமை, அண்டங்களின் கணக்கன்று. அந்நோக்கோடு படிப்பவனுக்கு ஆறாயிரம் ஆறுகோடியானாலும் இடர் இல்லை.

பெருமை பேசினால் விளையுங் கேட்டை நம் நாடு முன்னரே பார்த்திருக்கின்றது. 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்திற் கண்ட அதன் நேரத்துக்கும் அளவுக்கும், வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராயிருந்த அமெரிக்க மிஷனரி தானியேல் பூவர் கணித்தவற்றுக்கும் வேறுபாடு இருந்தது. கிரகணம் பூவர் கணக்குக்கு இயையவே நிகழ்ந்தது. பஞ்சாங்கத்தில் ஒரு கணிதப் பிழை; அவ்வளவே. கணிதப்பிழை எந்நாட்டார்க்கும் நேர்வது. ஆயினும் பஞ்சாங்கத்தையும் சமயத்தையும் ஒரே கயிற்றிற் கட்டி வைத்திருந்தமையால், ஒன்று ஆடியபோது மற்றதும் ஆடியது. மாணாக்கர் பலருக்கு முன்னோர் அறிவின்மீதே ஐயம் உண்டாயிற்று. மிஷனரிமாரும் அதனை நன்கு பயன்படுத்திக் கொண்டார்கள். இதற்காக அவர்களை வைதுகொண்டிருப்பதில் அடியேனுக்கு உடன்பாடில்லை. பூவருக்குப்பின் அதே செமினரியை நடத்திய ஹொய்சிங்டன் நம் வானசாஸ்திர முறையை முயன்று கற்று 1848இல் நூலாக வெளியிட்டார். 1854இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் வெளியிட்டார். மாற்றார் நூலை இத்துணை உழைத்துக் கற்ற சைவ உபாத்தியாயர் நம்முள் எத்தனைபேர்? மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்று, விஞ்ஞானப் பட்டம் பெற்று, துறவு பூண்டு, திருக்கோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராயும் இருந்த விபுலாநந்த அடிகள் ஒருவர் நினைவுக்கு வருகின்றார். அவர் 1947இல் வெளியிட்ட யாழ்நூலிலே நரம்பின் அதிர்ச்சியைக் கணக்கிட்டே பழந்தமிழ்ப் பண்களை ஆராய்ந்தார். வெறும் முழக்கத்தால் அன்று.

இரண்டாவது வழுக்கல் இதனினும் நுண்ணியது. “காணாத கோளைக் கருதி உணர்ந்தாற்போல, காணாத கடவுளையும் கருதி உணர்க” என்று சொல்லி, அத்துடன் பாடத்தை முடித்துவிடல். இதிலே பாதி மெய். உலகம் தோன்றி நின்று ஒடுங்குதல் கொண்டு அதற்கொரு கர்த்தா உண்டென்று சிவஞானபோத முதற் சூத்திரம் நிறுவுவது அனுமானத்தாலேயாம். ஆனால், சமகிய இன்று காணப்படாமைக்குக் காரணம் தொலைவும் கருவியின் குறையுமே. நாளை பெருந்தொலைகாட்டியொன்று வந்து அதன் உருவைக் காட்டினும் காட்டும். இறைவன் அத்தகைய பொருளா? கருவி பெரிதானால் அகப்படுபவன் என்று சொன்னால், அவனையும் சுட்டியறியப்படும் சடப்பொருள்களுள் ஒன்றாக்கிவிட்டோம். பாசஞானத்தாலும் பசுஞானத்தாலும் அறியப்படாதவன், தன் ஞானத்தாலே தன்னைக் காட்டுபவன் என்பது சித்தாந்தம். அனுமானம் வாயில்வரைக்கும் அழைத்துச் செல்லும். உள்ளே அழைப்பது அருள். இவ்வெல்லையைச் சொல்லாது விட்ட உபாத்தியாயரிடம் கெட்டிக்காரப் பிள்ளை ஒருநாள், “அப்படியானால் எந்த ஆண்டிலே கடவுளைப் படம்பிடிப்பார்கள், ஐயா?” என்று கேட்பான். பிழை பிள்ளையுடையதன்று.

பிள்ளைகள் கேட்கக்கூடிய மற்றொரு வினாவும் உண்டு. அது உபாத்தியாயரையே வருத்துவது. தனு கரண புவன போகங்களை இறைவன் ஆன்மாக்களின் பொருட்டே படைத்துத் தருகின்றான் என்று படிப்பிக்கின்றோம். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உலகங்களைக் கண்டும், அவற்றுள் ஒன்றிலேனும் உயிருண்டென்று நிறுவப்படவில்லை. 2025 ஏப்பிரலிலே, சிம்மத்தில் 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கே2-18பி என்னுங் கோளின் வாயுவில் உயிரின் குறிபோல ஒன்று தென்படுகின்றது என்று கேம்பிரிட்சிலிருந்து நிக்கு மதுசூதன் கூட்டத்தார் சொன்னபோது, வேறு விஞ்ஞானிகள் அதனை மறுத்துரைத்தனர். நம் சமகியவோ வியாழன்போலும் பெருங்கோள். அதிலே காலூன்ற நிலமும் இராது. அங்ஙனமாயின் இத்தனை புவனமும் யார் பொருட்டு?

இதற்கு ஒருவாறு விடையுண்டு. ஆன்மாக்கள் எண்ணிறந்தன; படைப்பும் ஒடுக்கமும் மாறிமாறி வருவன; எப்புவனம் எவ்வான்மாவுக்கு எக்காலத்து உரியது என்பது நம் ஆயுளைக்கொண்டு அளக்கப்படுவதன்று. இன்று ஆளில்லாத நிலம் என்றும் ஆளில்லாத நிலமன்று என்பது கந்தளாய்க் குளத்தின்கீழ்க் காடாய்க் கிடந்து கழனியான வயல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எனினும் இது வினாவை முற்றும் அடக்கிவிடும் என்று அடியேன் சொல்லவில்லை. பிள்ளை மேலும் கேட்டால், “எனக்குத் தெரியாது, தம்பி” என்று சொல்லுதல் சைவாசிரியனுக்கு இழுக்கன்று. தெரியாததைத் தெரிந்ததுபோலப் புனைந்து சொன்னால், அது ஒருநாள் வெளிப்படும். அன்று அவன் நாம் மெய்யாகச் சொன்னவற்றையும் கூடவே எறிந்துவிடுவான்.

காணாததை அசைவால் உணர்தலுக்கு நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. 1624இல் பறங்கித் தளபதி கொன்ஸ்தாந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்தான். கற்கள் சில கோட்டைச் சுவரில் ஏறின. சில கடலில் வீழ்ந்தன. கயற்சின்னம் பொறித்த கல்லொன்று இன்றும் கோட்டை வாயிலில் நிற்கின்றது. தென்மீனைக் காட்டப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது போகிற வழியில் அதனையுங் காட்டலாம். அதன்பின் முந்நூறு ஆண்டுக்கு மேல் அம்மலையுச்சியிலே கோயில் இல்லை. ஆயினும் சனங்கள் அங்கே போவதை விட்டாரல்லர். வெறும் பாறை விளிம்பிலே நின்று கர்ப்பூரங் கொளுத்தி, தேங்காயுடைத்து, பூவைக் கடலிலே தூவித் தொழுது வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலேயரும் அதனைக் கண்டு எழுதிவைத்தனர். கோயிலைக் கண்டறியாத அவ்வந்நியர்க்கு, கோயில் இருந்ததென்பதை அறிவித்தது அவ்வழிபாடன்றோ? 1950இலே கிணறு தோண்டியபோது பழைய திருவுருவங்கள் மண்ணினின்று வெளிப்பட்டன. 1956இலே மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் மலையடிவாரக் கடலில் மூழ்கி, வேலைப்பாடமைந்த தூண்களையும் கற்களையும் கண்டனர். கிரகம் விட்டுக் கிரகஞ் செல்லுங் கதைகளால் உலகப் புகழ்பெற்ற அந்தக் கிளார்க்கே, நம் மலையின் அடியிலே இந்தப் பழமையைக் கண்டெழுதினார். 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. பூத் தூவியவர்களுள் எத்தனையோ தலைமுறையினர் இவற்றுள் ஒன்றையுங் காணாமலே மாண்டார்கள்.

இனிப் பெயரைப் பற்றி ஒரு சொல். “அதிலுந் தமிழ்ப்பெயர் இல்லையே” என்று நம்மவருட் சிலர் மனங்கசக்கக் கூடும். அக்கசப்புக்குக் காரணமே இல்லை என்று அடியேன் சொல்லமாட்டேன். நம் மாவட்டத்தாருக்கு அது நன்கு தெரியும். ஆனாலும் பெயரிட்ட ஆண்டு 2019. சித்திரை மாதத்து உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலே குண்டு வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்ட ஆண்டு. அவ்வாண்டின் முடிவில் ஒரு தேசம் வானத்துக்குக் கொடுக்கத் தெரிந்தெடுத்த சொற்கள் சமாதானம், ஒற்றுமை என்பன. சாம பேத தான தண்டம் என்று நாமும் சாமத்தையே முதலில் வைத்து எண்ணுகின்றோம். அச்சொல்லும் ‘சாமய’ என்பதும் ஒருவேர்ச் சொற்களே. தமிழும் சிங்களமும் அருகருகே பேசப்படும் இத்துறைமுகத்திலே, பிள்ளைகளுக்கு அப்பெயர்களின் பொருளைத் தமிழிற் சொல்லிக் கொடுத்தால் நம்மிடமிருந்து ஒன்றுங் குறைந்துவிடாது. தாகோன் என்று பெயரிட்டபின் அது தூசியென்று தெரிந்தது. சமகியவிலோ பொருள் இருக்கின்றது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. இதற்குமேல் விரித்தால் இது வேறு பிரசங்கமாகிவிடும்.

செய்யவேண்டியது எளிது. புரட்டாசியிலே நிலவில்லாத ஓரிரவில், மேல்வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதத்தோடு, துறைமுக விளக்குகள் மறையும் ஓரிடத்துக்கு அழைத்துச் செல்லுக. முதலிற் போமல்ஹோட்டைக் காட்டுக. அதன் கோள் எவ்வாறு மறைந்தது என்று சொல்லுக. பின் மேற்கே ஒரு சாண் அளந்து, ஒன்றுமில்லாத அவ்விடத்தைச் சுட்டிக் காட்டி, அங்கே என்ன இருக்கின்றதென்றும், அது எவ்வாறு தெரியும் என்றும் அவர்களையே சொல்லவிடுக. ஐப்பசி பிறந்து வாடைமழை தொடங்கிவிட்டால் அத்தென்றிசை வானம் அகப்படுவது அரிது; பின்னர் அடுத்த ஆவணி வரையிற் காத்திருக்க வேண்டும்.